பொதுவியற் கலையின் ஏற்றமும் இழப்பும்: புதுக்கோட்டை காட்டும் சான்றுகள்

1. முன்னுரை

பெருவழக்கிற்கு மாறான உடை, பேரரங்குகட்குப் புறம்பான இசை, பெருமுதலைச் சாராத தனிக் கலைத்தொழில் ஆகிய மூன்றும் இக்காலத்து இளைஞரால் பெரிதும் பேசப்படுகின்றன. இவ்விசையை மேலைநாட்டார் ‘அண்டர்கிரவுண்ட்’ என்று வழங்குவர். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாடுவோன் பாட்டிற்கேற்ப உடுக்கின்றான். அவ்வுடையைத் தைப்போனும் அப்பாட்டைப் பதிவு செய்வோனும் அவன் தோழராகவே உள்ளனர். இவை யாவும் மேலைநாட்டினின்று வந்த பெருநகரப் புதுமைகள் என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பதும், இக்கலைகளை மதிப்பிடத் திறனாய்வாளன் கொள்ளத்தக்க அளவுகோல் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும். சான்றுகள் பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டத்தினின்று எடுக்கப்படுகின்றன.

சிலப்பதிகாரம் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகப் பகுக்கும். வேந்தன் அவைக்குரியது வேத்தியல்; ஏனையோர்க்குரியது பொதுவியல். இப்பகுப்புக் காண்போரைப் பற்றியதேயன்றிக் கலையின் உயர்வு தாழ்வைப் பற்றியதன்று. காண்போர் பற்றிய வேற்றுமை, காலப்போக்கில் கலையின் தகுதி பற்றிய வேற்றுமையாகத் திரிந்தது. வேத்தியல் ‘கலை’ எனப்பட்டது. பொதுவியல் ‘வழக்கம்’ எனப்பட்டது. இன்று ‘மாற்றுக் கலை’ எனப்படுவது பொதுவியலின் புதுப்பெயரே என்பது இக்கட்டுரையின் முதற்கருத்து. பொதுவியற் கலை பேரரங்கு ஏறும்போது அதனை ஆக்கியோரும் உடன் ஏறுகின்றனரா என்று வினவுவதே அதனை அளக்கும் கோல் என்பது இரண்டாவது கருத்து.

2. கல்லில் நின்ற இசை

புதுக்கோட்டையின் இசைப் பெருமையைக் கூறுவோர் முதற்கண் குடுமியான்மலைக் கல்வெட்டையே சுட்டுவர். சிகாநாதர் கோயிலை ஒட்டிய மேலைக்கோயில் என்னும் குடைவரைக்கு அருகே, பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு 1904 இல் கண்டறியப்பட்டது. சுரக்கோவைகள் ஏழு பிரிவுகளாக அதன்கண் அமைந்துள்ளன. காலம் 7 ஆம் நூற்றாண்டு என்பர். மகேந்திரவர்மனுக்கு உரியது என்ற கருத்து நெடுநாள் வழங்கிற்று. அதனை மறுத்தோரும் உளர். உருத்திராசாரியர் என்பாரின் மாணாக்கனாகிய ஓர் அரசன் மாணவர் நலங்கருதி இவற்றை அமைத்தான் என்பது கல்வெட்டின் இறுதிப் பகுதியால் அறியப்படும்.

இது வேத்தியலின் தெளிந்த சான்று. அரசன் அமைத்தான், கல் தாங்கிற்று. ஆயினும் நாம் இன்று பெற்றிருப்பது எழுத்தே. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் உயிரொலிகளுள் ஒன்றனை ஏற்று வருகின்றது. அவ்வேறுபாடு சுருதி நுட்பத்தைக் குறிக்குமோ, வாசிப்பு முறையைக் குறிக்குமோ என்பதில் அறிஞர் உடன்பட்டிலர். கல் நின்றது, கேள்வி நின்றிலது. வாசிப்போர் வழி அறுந்தமையின் அரசன் ஆணையும் அவ்விசையைக் காத்திலது.

இதனை முதற்கண் கூறியது, புரவலர் ஆதரவே கலையை வாழ்விக்கும் என்னும் பொதுநம்பிக்கை முழுதும் உண்மையன்று எனக் காட்டற்கே. கலை வாழ்வது அதனைப் பயிலும் மாந்தர் தொடர்ச்சியில். அத்தொடர்ச்சி பேணப்பட்டதும் அறுக்கப்பட்டதும் ஆகிய இரு நிலைகளை இதே நிலப்பகுதியில் அடுத்து நோக்குவோம்.

3. கஞ்சிராவின் ஏற்றம்

கஞ்சிரா எளிய கருவி. பலாமரத்தாலான சிறு வட்டச் சட்டம்; ஒரு பக்கம் உடும்புத்தோல் போர்த்தது; மறுபக்கம் திறந்தது; சட்டத்தின் ஒரு துளையில் சில உலோகத் தகடுகள். இடக்கை அதனைத் தாங்கித் தோலை அழுத்த, வலக்கை ஒன்றே முழக்கும். தோலின் உட்புறத்தில் நீர் தெளித்துச் சுருதியைத் தாழ்த்துவர். பசனைக் கூட்டங்களிலும் நாட்டார் நிகழ்ச்சிகளிலும் வழங்கிய இவ்வகைச் சிறுபறையைக் கச்சேரிக் கருவியாக்கிய பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்து 1922 இல் மறைந்த அவர், விளக்கேற்றும் பணியில் இருந்தவர் என்றும், மாரியப்பத் தவில்காரரிடம் லயம் பயின்றவர் என்றும் இசை மரபினர் கூறுவர். அவர் மாணாக்கருள் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் புகழ் பெற்றார். பழனி முத்தையா பிள்ளை வழியாக அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு அம்மரபு சென்றது. மிருதங்க உலகில் ‘புதுக்கோட்டைப் பாணி’ என ஒரு வழி நிலைபெற்றது. கணக்கு நுட்பமும் தவிலினின்று வந்த நடை வளமும் அதன் இயல்புகளாகக் கூறப்படும்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கருவி அரங்கேறியபோது கலைஞனும் உடன் ஏறினான். கஞ்சிராவை மேடைக்குக் கொணர்ந்தவர் அதனைத் தம் கையில் ஏந்தியே வந்தார்; கற்பித்தோர் பெயரும் கற்றோர் பெயரும் மறையவில்லை. ஆயினும் ஏற்றம் முழுமையன்று. கச்சேரி மேடை கஞ்சிராவிற்கு ‘உபபக்கவாத்தியம்’ என்னும் நிலையையே வழங்கிற்று. துணைக்கருவிக்கும் துணை என்பது அதன் பொருள். இந்நிலையிலிருந்தே கோ. ஹரிசங்கர் (1958–2002) போன்றோர் அதனைத் தனித்துக் கேட்கத்தக்க கருவியாக்கினர். ‘சக்தி’ இசைக்குழு 2024 இல் கிராமி விருது பெற்றபோது அக்குழுவில் கஞ்சிரா வாசித்த செல்வகணேஷும் இருந்தார்.

கஞ்சிராவோடு பறையை ஒப்பிடுதல் பயன்தரும். இரண்டும் மரச்சட்டத்தில் ஒருபுறம் தோல் போர்த்தவை. ஒன்று நீரால் தாழ்த்தப்படும். மற்றொன்று தீயில் காய்ச்சி ஏற்றப்படும். ஒன்று விரலால் முழங்கும். மற்றொன்று அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரண்டால் முழங்கும். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளுள் பறையையும் வைத்து எண்ணுகின்றது. அத்துணைத் தொன்மையுடைய கருவி சபையேறாதது ஏன்? ஓசை மிகுதியே காரணம் எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. தவிலின் ஓசையும் மிகுதியே. அது கோயிலிலும் மணவறையிலும் முதலிடம் பெற்றுள்ளது. பறையின் ஓசையினும், அதனை முழக்குவோர்மீது சாதி விதித்த இழிவே தடையாயிற்று என்பது வெளிப்படை. ஆகவே ஒரு கருவி ‘மாற்று’ என ஒதுக்கப்படுதற்கு இசையிலக்கணம் மட்டும் காரணமன்று. பலகால் அது காரணமே அன்று.

கஞ்சிராவிற்கும் இந்நாளில் ஓர் இடர் உண்டு. 1972 ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கின்றது. அக்காவல் வேண்டற்பாலதே. ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் மாற்றாகக் கொள்ளப்படுகின்றன. அத்தோல்களில் பழைய நாதத்தைக் காண முயலும் கருவி செய்வோரின் சிறு பட்டறையே தனிக் கலைத்தொழில் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆனால் வாசிப்போர் பெயரை அறிந்த உலகம் செய்வோர் பெயரை அறிவதில்லை.

4. சதிரின் உடையும் உரிமையும்

விராலிமலை முருகன் கோயிலில் சதிராடும் மரபு நெடுங்காலம் வழங்கிற்று. ஏழாம் வயதில் அக்கோயிற் பணிக்கு விடப்பட்ட முத்துக்கண்ணம்மாள், அங்குப் பணியாற்றிய முப்பத்திருவருள் ஒருவர் என்று கூறப்படுபவர், 2022 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் காட்டும் சதிரில் ஆடுபவரே பாடுவார். குரலும் அடவும் ஓருடலில் நிகழும். ஆடலை ஒருவர்க்கும் பாடலை மற்றொருவர்க்கும் பகுத்துக் கொடுத்த பிற்கால மேடையை நோக்க இது வேறோர் இலக்கணமே ஆகும்.

இச்சதிர்க்கு நேர்ந்தது யாது? 1930களில் அதன் வடிவம் சென்னை மேடைகளில் புதிய மதிப்புப் பெற்றது; பெயரும் பரதநாட்டியம் என மாறிற்று. இ. கிருஷ்ணய்யர் அதற்காக உழைத்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935 இல் அடையாற்றில் ஆடினார். 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். உடையில் பெரியதொரு மாற்றம் விளைந்தது. புடைவையைச் சுற்றியுடுத்தி ஆடும் வழக்கம் போய், சிற்பங்களைத் தழுவித் தைத்த உடை வந்தது. ஆடுவோர்க்குப் பின்நின்ற இசைவாணர் மேடையின் ஒருபுறம் அமர்த்தப்பட்டனர்.

உடை மாற்றம் அழகு பற்றியது மட்டுமன்று. புதிய உடை, ‘இவர் அவர் அல்லர்’ என்பதை அவையோர்க்கு அறிவித்தது. பழைய புடைவை ஒரு குலத்தின் அடையாளமாகக் கருதப்பட்டமையின், அதனைக் களைந்தே ஆடல் பெருமை பெற வேண்டியதாயிற்று. மாற்று உடை என்று இன்று பேசுவோர் இதனை எண்ணுதல் வேண்டும். ஒரு காலத்தில் பெருவழக்காயிருந்த உடையே பிறிதொரு காலத்தில் மாற்றாகின்றது. இன்று சதிர் உடையில் ஆடுபவரே வழக்கிற்கு மாறானவராகத் தோன்றுகின்றனர்.

இவ்விடத்தில் நடுநிலை வேண்டும். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்தவரே. அவர்தம் தாயார் சந்திரம்மாள் அம்முறையோடு தொடர்புடைய குலத்தினர். சிறுமியரைக் கோயிற்கு விடுதலாகிய கொடுமையை அவர் அறிந்து எதிர்த்தார். சென்னை மாகாணத்தில் அதற்குரிய சட்டம் 1947 இல் நிறைவேறிற்று. புதுக்கோட்டை அப்போது தனியரசு. 1948 மார்ச்சு 3 இல்தான் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. முத்துலட்சுமியாரின் பணி அறத்தின்பாற்பட்டது. அதிற் குறை காண்டல் தகாது. குறை பிறிதோரிடத்தில் உள்ளது. ஒரு கை பெண்களைக் கட்டினின்று விடுவித்தது. மற்றொரு கை அவர்தம் ஆடலை மேடைக்கு எடுத்துச் சென்றது. விடுவிக்கப்பட்ட பெண்ணைக் கலைஞர் என அதே மேடைக்கு அழைக்க மூன்றாவது கை நீளவில்லை. நட்டுவனார் பலர் ஆசிரியராயினர். ஆடிய பெண்டிர்க்கோ இடம் அரிதாயிற்று. பாலசரஸ்வதி (1918–1984) போன்ற ஒரு சிலர் விதிவிலக்காவர். விதிவிலக்கின் ஒளி, விதியின் இருளை மறைத்தல் கூடாது. முத்துக்கண்ணம்மாள் பெற்ற விருது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், அது அவர்தம் முதுமையில் வந்தது என்பதையும் மறத்தல் இயலாது.

ஆக, கஞ்சிராவில் கலையும் கலைஞனும் சேர்ந்து ஏறினர். சதிரில் கலை ஏறிற்று, கலைஞர் கீழே நின்றனர்.

5. புரவி செய்வார் தொழில்

இசையையும் உடையையும் நோக்கினோம். இனித் தொழிலை நோக்குவோம். புதுக்கோட்டை நாட்டின் ஐயனார் கோயில்களில் சுடுமண் புரவிகள் வரிசையாக நிற்கும். குளமங்கலத்து ஐயனார் கோயிலின் நெடிய குதிரைச் சிலையும், மாசி மகத்தில் அதற்குச் சாத்தப்படும் காகிதப்பூ மாலைகளும் பலரறிந்தவை. இப்பகுதியின் புரவியெடுப்பு விழாவில் ஓர் அரிய வழக்கம் உண்டு. ஊரார் வேளாரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துப் புரவி செய்யப் பணிப்பர். ‘பிடிமண் கொடுத்தல்’ என்பது அதன் பெயர். மண்ணை ஏற்றதும் தொழில் ஒப்பந்தம் முடிந்ததாகும். வேளார் புரவியை வனைந்து, சூளையிலிட்டு, வண்ணந்தீட்டிக் கண்திறந்து ஊரார் கையில் ஒப்புவிப்பார். பல ஊர்களில் அவரே பூசாரியாகவும் இருப்பார்.

தனிக் கலைத்தொழில் என்று இன்று பேசப்படுவதன் இலக்கணம் இதன்கண் முற்றும் அமைந்துள்ளது. இடைத்தரகர் இலர், கலைஞன் தன் கருவிக்கும் சூளைக்கும் உரியவன், கொள்வோன் முன்னரே அறிந்தவன், செய்பொருளின் மதிப்புச் சந்தையால் அன்றி விழாவால் வரையறுக்கப்படுகின்றது. மழையிலும் வெயிலிலும் புரவி சிதையும். சிதைவு இழப்பன்று, அடுத்த பிடிமண்ணிற்கு அழைப்பு. ஆனால் அதே புரவி சிறிய வடிவில் நகரத்து விடுதியின் முன்றிலில் அழகுப் பொருளாக நிறுத்தப்படும்போது, செய்தவன் பெயரும் பிடிமண் உறவும் அற்றுப் போகின்றன. வடிவம் ஏறிற்று, உறவு வீழ்ந்தது. சதிரில் கண்ட அதே இழப்பு மண்ணிலும் நிகழ்கின்றது.

6. இலண்டனும் சென்னையும்

இவ்வளவுகோல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மாற்று உடையும் மறைவிசையும் ஒரு கடையில் கூடிப் பிறந்த நிகழ்ச்சியை இலண்டனில் காணலாம். விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் 1970களில் கிங்ஸ் ரோட்டின் 430 ஆம் எண் கட்டடத்தில் ஓர் உடைக்கடை நடத்தினர். கிழித்த துணியும் ஊக்குகளும் அங்கு உடையாயின. அக்கடையைச் சூழ்ந்து உருவான ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்னும் குழுவிற்கு மெக்லாரனே மேலாளர். 1976 இல் அதன் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ‘பங்க்’ எனப்பட்ட அவ்வழக்கு, வேலையற்ற இளைஞரின் சினக்குரலாக எழுந்தது. பின்னர் நேர்ந்தது யாது? பாடியோர் தம் இசையின் உரிமையை மேலாளரோடு வழக்காடி 1986 இல்தான் மீட்டனர். வெஸ்ட்வுட் 2006 இல் ‘டேம்’ என்னும் பட்டம் பெற்றார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2013 இல் அவ்வுடைவழக்கிற்குத் தனிக்காட்சி நடத்திற்று. இருவருக்கும் பிறந்த மகனே 2016 இல் தாம் திரட்டிய பங்க் நினைவுப் பொருள்களைத் தேம்சு ஆற்றில் படகின்மேல் எரித்தார். கிழித்த துணி பட்டினும் விலையுயர்ந்தபோது, கிழிப்பின் பொருள் போயிற்று என்பதை அத்தீ உரைத்தது.

சென்னையில் 2018 சனவரி 6 இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் பாடிற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் கூடி அமைத்த குழு அது. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சாதிபேதமற்றோர் என்னும் கருத்தினின்று பிறந்தது. கானாப் பாடகரும் பறையிசைஞரும் கிதார் வாசிப்போரும் ஒரே சீரான கோட்டு அணிந்து ஒரு மேடையில் நின்றனர். அவ்வுடையை மேலைநாட்டுப் போலி என்று இகழ்வது பொருந்தாது. அண்ணல் அம்பேத்கரின் கோட்டு எதனைக் குறித்ததோ அதனையே இவர் கோட்டும் குறித்தது. சாவு வீட்டு வாயிலில் நிறுத்தப்பட்ட பறை, கோட்டு அணிந்தோர் கையில் பேரரங்கின் நடுவே முழங்கிற்று. சதிரில் உடைமாற்றம் பழைய கலைஞரை மறைத்தது. இங்கு உடைமாற்றம் மறைக்கப்பட்ட கலைஞரை வெளிப்படுத்திற்று. உடை இன்னது என்பதினும் அதனைத் தெரிவு செய்தவர் யார் என்பதே முதன்மையானது என்பது இவ்விரண்டால் பெறப்படும்.

எனினும் வெற்றி முழுமையாகக் கிட்டிற்று எனல் இயலாது. அக்குழுவில் பாடிய அறிவு எழுதிப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 இல் உலகெங்கும் பரவிற்று. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியார் வாழ்வை அவர் அதன்கண் அமைத்தார். அவ்வாண்டிலேயே அப்பாடலை ஒட்டி ஒரு புகழ்பெற்ற இசையிதழ் வெளியிட்ட அட்டைப்படத்தில் அவர் உருவம் இடம்பெறாமை பெரும் வாதத்தை எழுப்பிற்று. பாட்டு ஏறிற்று, பாடியவன் எங்கே என்னும் வினா மீண்டும் எழுந்தது. விராலிமலையில் எழுந்திருக்க வேண்டிய வினா அது. அங்கு எழுப்புவார் இலர். இங்கு எழுப்ப ஆள் உளர் என்பதே இக்காலம் அடைந்த வளர்ச்சி.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன போதரும்.

மாற்று உடையும் மறைவிசையும் தனிக் கலைத்தொழிலும் இறக்குமதிப் பொருள்கள் அல்ல. பொதுவியல் என நம் முன்னோர் கண்ட நிலைக்களத்தில் என்றும் இருந்தவை. அவை ஒதுக்கப்பட்டதும் ஏற்கப்பட்டதும் பெரும்பாலும் கலையிலக்கணத்தால் அல்ல. ஏற்போர் யார், ஆக்குவோர் யார் என்பதனால். புரவலர் ஆதரவு கலைக்குக் கல்லாயுளைத் தரலாம். உயிரைத் தருவது கற்பிப்போனும் கற்போனும் அறாது நிற்றல்.

ஆகவே, இவ்வகைக் கலையை ஆராயப்புகும் தமிழ் மாணவர் அதன் வியப்பான தோற்றத்தில் மயங்குதலும் அதனை நாகரிகப் பித்து எனத் தள்ளுதலும் ஒருங்கே தவிர்த்தல் வேண்டும். கருவி யாருடையது, உடையைத் தெரிந்தவர் யார், மேடையும் வருவாயும் யார் கையில் என்னும் மூன்று வினாக்களை முன்வைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் இதிற் பங்கேற்றல் கடன். குடுமியான்மலையின் எழுத்தைப் படியெடுத்தோம். விராலிமலையின் அடவையும், கஞ்சிராச் சட்டம் கடைவோனின் கைவினையையும், பிடிமண் ஏற்ற வேளாரின் சொல்லையும் அவர்தம் பெயரோடு பதிவு செய்தல் எஞ்சியுள்ளது. கல்வெட்டு காத்திருக்கும், மாந்தர் காத்திரார்.